யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அறையை ஒழுங்கு செய்வது எப்படி

யாழ்ப்பாணத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து திருநெல்வேலி, கொக்குவில், கந்தர்மடம் பக்கம் அறை எடுத்திருப்பவர்களுக்கும், கலியாணம் முடித்து ஒரு அனெக்ஸில் புதுக்குடித்தனம் தொடங்கியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 10 அடிக்கு 10 அடி, மிஞ்சினால் 10க்கு 12. அதற்குள் கட்டில், மேசை, அலுமாரி, சாமிப்படம், உடுப்புக்கொடி எல்லாம் அடங்க வேண்டும். இணையத்தில் காணும் அலங்கார யோசனைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு அறைகளுக்கானவை. தடித்த கம்பளம், கனத்த திரைச்சீலை, பஞ்சு அடைத்த கதிரை என்று இங்கே கொண்டுவந்து நிரப்பினால் சித்திரை வெக்கையில் அறைக்குள் இருக்க முடியாது. இந்த ஊரில் காற்று வந்து போக வேண்டும், நிலம் வெறுமையாகக் கிடக்க வேண்டும். இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு சாமான் வைக்கப் பழகினால், அழகு தன்பாட்டில் வந்து சேரும்.

முதல் கிழமை எதையும் வாங்காதீர்கள்

ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு நுளம்பு வலை, ஒரு ஸ்ரூல். முதல் கிழமைக்கு இவை போதும். அந்த நாட்களில் அறையைப் பாருங்கள். காலை வெயில் எந்த யன்னலால் வருகிறது, பின்னேரம் எந்தச் சுவர் சுடுகிறது, எந்தப் பக்கம் காற்று நுழைகிறது, பக்கத்து வீட்டுக் குசினிப் புகை எங்கால் வருகிறது என்பதெல்லாம் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறகு அளவெடுங்கள். நான்கு சுவரின் நீளம் மட்டும் போதாது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, திறந்தால் எவ்வளவு இடத்தை விழுங்குகிறது, யன்னலின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து எத்தனை அடி, பிளக் போடும் இடங்கள் எங்கே, மின்விசிறிக் கொழுக்கி நடுவில் இருக்கிறதா எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் குறியுங்கள்.

சரி, இனி சோக்கை எடுங்கள். சீமெந்து நிலமென்றால் நீங்கள் வாங்க நினைக்கும் சாமான்களை உண்மை அளவிலேயே நிலத்தில் கீறிப் பாருங்கள். மாபிள் நிலமென்றால் பழைய பேப்பரை அந்த அளவுக்கு மடித்து விரிக்கலாம். ஒற்றைக் கட்டில் 6 அடிக்கு 3 அடி. இருவர் படுக்கும் கட்டில் 6க்கு 5. அலுமாரியின் ஆழம் ஏறத்தாழ 2 அடி, அதற்குக் குறைந்தால் ஹாங்கரில் மாட்டிய சட்டை நேராக நிற்காது. எழுதும் மேசை மூன்றரை அடிக்கு 2 அடி போதும். கதிரையைப் பின்னுக்கு இழுத்து எழும்ப இன்னும் இரண்டரை அடி விடுங்கள். ஆள் நடக்க 2 அடி. அலுமாரிக் கதவு திறக்கும் இடத்தையும் கீறுங்கள், பலர் மறப்பது அதைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 10க்கு 10 அறை 100 சதுர அடி. 6க்கு 5 கட்டில் மட்டும் 30 சதுர அடி. 4 அடி அகல அலுமாரி 8, மேசை 7. மொத்தம் 45. அதே அறையில் ஒற்றைக் கட்டில் போட்டால் 33. அந்த 12 சதுர அடியில் பாய் விரித்து இரண்டு பேர் இருந்து சாப்பிடலாம். எங்கள் ஊரில் விருந்தினர் வந்தால் நிலத்தில்தான் இருப்போம், படிக்கும் பிள்ளை நிலத்தில்தான் புத்தகத்தைப் பரப்பும். ஆகவே சாமான் 40 சதுர அடியைத் தாண்டவேண்டாம் என்பது என் கணக்கு.

காற்றும் வெயிலும்

மே தொடங்கி செப்டெம்பர் வரை சோளகம் வீசும். அது தென்மேற்குக் காற்று, புழுதியையும் கூட்டிக்கொண்டு வரும். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. சாரல் வடக்கு, கிழக்குப் பக்கங்களால் அடிக்கும். உங்கள் யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டியவை பல. தெற்கு, மேற்கு யன்னலுக்கு அருகே புத்தக இறாக்கையை வைத்தால் ஆடி மாதம் முழுக்கத் தூசு தட்டவேண்டி வரும். வடக்கு, கிழக்கு யன்னலோடு மெத்தையை ஒட்டிப் போட்டால் கார்த்திகையில் நனையும்.

காற்று உள்ளே வர, வெளியே போகவும் ஒரு வழி வேண்டும். ஒரு யன்னலை மட்டும் அகலத் திறந்துவிட்டு எதிர்ப்பக்கம் அடைத்திருந்தால் காற்று உள்ளே வராது. எதிர்ச் சுவரில் கதவோ யன்னலோ இருந்தால் அதற்கு முன்னால் உயரமான எதையும் வைக்காதீர்கள். பழைய வீடுகளில் சுவரின் மேற்பக்கத்தில் காற்றுத் துவாரங்கள் விட்டிருப்பார்கள். சூடான காற்று மேலே ஏறி அதனால்தான் போகும். அலுமாரியின் மேல் பெட்டிகளை அடுக்கி அந்தத் துவாரத்தை மூடிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

வெயிலைப் பற்றி ஒரு விஷயம். யாழ்ப்பாணம் மத்திய கோட்டுக்கு ஏறத்தாழ 9.7 பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கமாக நிற்கும். வடக்கு யன்னல் எப்போதும் நிழல் என்று நினைத்து ரீவியையோ கணினியையோ அதற்கு எதிரே வைத்தால் அந்த மாதங்களில் கண் கூசும். மேற்குச் சுவரோ வருடம் முழுக்கப் பின்னேரம் சுடும். அந்தச் சுவரோடு கட்டிலைப் போடவேண்டாம். அலுமாரிக்கு அது நல்ல இடம், வெக்கையைக் கொஞ்சம் மறித்துக்கொள்ளும். மேற்கு யன்னலுக்கு உள்ளே கனத்த துணி தொங்கவிடுவதைவிட, வெளியே ஒரு ஓலைத்தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டுவது பல மடங்கு மேல். வெயில் கண்ணாடிக்கு வருமுன்னரே நின்றுவிடும், இடுக்கால் காற்றும் வரும். வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கட்டில் எங்கே?

சின்ன அறையில் கட்டிலின் இடம் முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் விதி. நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, ஊரிலிருந்து அம்மாவோ அம்மம்மாவோ வந்து பார்க்கும் நாளில் அது பேச்சுக்கு வரும். மிஞ்சியிருக்கும் மூன்று திசையில், கதவைத் திறந்ததும் கட்டில் நேரே தெரியாத ஒரு மூலையைப் பாருங்கள். நீளப்பக்கம் சுவரோடு, கால்மாட்டு யன்னல் பக்கம் என்று போட்டால் நடுநிலம் முழுதாக மிஞ்சும்.

கட்டிலுக்குக் கால் இருக்க வேண்டும். நிலத்தோடு ஒட்டிய பெட்டிக்கட்டில் கடையில் பார்க்க அழகுதான், கீழே லாச்சியும் இருக்கும். ஆனால் இங்கே நிலம் கூட்டித் தண்ணீர் விட்டுத் துடைப்பது அன்றாட வேலை, மழைகாலத்தில் மட்டத்தேள் வந்து ஒளிந்திருக்கவும் இருட்டு மூலை தேடும். தும்புத்தடி உள்ளே போய்வருகிற மாதிரி ஓர் அடி உயரமாவது காலிருந்தால், கீழே இரண்டு சூட்கேசையும் தள்ளி வைக்கலாம், வாரத்துக்கொரு தடவை இழுத்துவிட்டுக் கூட்டவும் செய்யலாம்.

தனியாள் என்றால் கட்டிலே இல்லாமல் மெல்லிய தும்பு மெத்தையை இரவில் விரித்துக் காலையில் சுருட்டி வைப்பதும் நல்ல வழி. பகலில் அறை முழுவதும் உங்களுக்கு. சீமெந்து நிலத்தின் குளிர்மையும் சித்திரை, வைகாசியில் சுகம். மழைகாலத்தில் மட்டும் நிலம் ஈரலிப்பாக இருக்கும், அப்போது மெத்தைக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு வேண்டும்.

நுளம்பு வலையையும் இப்போதே யோசியுங்கள். மேலே ஒரு வளையத்திலிருந்து தொங்கும் வலை, மின்விசிறிக்கு நேர்கீழே வந்தால் இழுபட்டுச் சிக்கும். நான்கு மூலையிலும் கட்டும் சதுர வலை சின்ன அறைக்கு நல்லது. சுவரில் நான்கு கொழுக்கி, பகலில் இரண்டு முடிச்சை அவிழ்த்துச் சுவரோடு ஒதுக்கிவிடலாம்.

அலுமாரி: கடையா, தச்சரா?

கடையில் கிடைக்கும் மூன்று கதவு அலுமாரியை 10க்கு 10 அறைக்குள் ஏற்றவேண்டாம். அறையின் அகலத்தில் அரைவாசியை அது பிடிக்கும், உள்ளே பாதி வெறுமையாகக் கிடக்கும். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்தது என்றால் இன்னொரு பிரச்சினையும் உண்டு. நிலம் துடைக்கும் தண்ணீர் அடிப்பலகையில் ஏறி ஊதிவிடும், பிறகு ஸ்குறூ பிடிக்காது. அப்படி வாங்கத்தான் வேண்டுமென்றால் பிளாஸ்ரிக் கால் வைத்து நிலத்திலிருந்து உயர்த்தி வாங்குங்கள்.

என் தெரிவு தச்சர்தான். ஊருக்கு ஊர் தச்சுப்பட்டறை இருக்கிறது. உங்கள் அளவைக் கடதாசியில் கீறிக்கொண்டு போனால், கதவுக்குப் பின்னால் வீணாகக் கிடக்கும் ஓர் அடி ஆழ இடத்துக்குக்கூட ஓர் இறாக்கை செய்து தருவார்கள். மரம் தேக்கு, முதிரை என்றால் விலை ஏறும். வேம்பு எங்கள் ஊர் மரம், பூச்சி எளிதில் அணுகாது. எந்த மரமானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். நன்றாகக் காய்ந்த மரமா? வைரப்பகுதியா, ஓரத்து வெள்ளைப்பகுதி எவ்வளவு இருக்கிறது? காயாத மரத்தில் செய்த கதவு சோளக காலத்தில் முறுகும், மாரியில் இறுகி நிற்கும். உளுப்பதும் முதலில் அந்த வெள்ளைப் பகுதிதான்.

பழைய சாமான் வாங்குவதையும் யோசியுங்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது வாங்கு, பெட்டகம், சாய்மனைக் கதிரை எல்லாம் விலைக்கு வருவதுண்டு. சின்ன அறைக்கு வாங்கு அருமையான பொருள். யன்னலோரம் போட்டால் இருக்கை, மேசையோடு இழுத்தால் கதிரை, விருந்தாள் வந்தால் சாமான் வைக்கும் தட்டு. பெட்டகம் கிடைத்தால் கட்டிலின் கால்மாட்டில் வையுங்கள், போர்வையெல்லாம் அதற்குள் போய்விடும். சாய்மனைக் கதிரை மட்டும் இடத்தைத் தின்னும். அதற்கு விறாந்தைதான் சரி. வாங்கும்முன் காலையும் அடிப்பக்கத்தையும் தட்டிப் பாருங்கள். சின்ன ஓட்டைகளிலிருந்து மா மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கறையான் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. மரச்சாமான் எதையும் சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். கறையான் சுவரில் மண்கோடு போட்டு வந்தால் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். புத்தகப் பெட்டியை நிலத்தில் வைக்கவே கூடாது.

சுவரைப் பயன்படுத்தும் முன்

நிலத்தில் இடமில்லாதபோது சுவர்தான் துணை. ஆனால் எந்தச் சுவர் என்று தெரிந்து துளையுங்கள். பழைய வீட்டுச் சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதில் ஆணி அடித்தால் பொருபொருவென்று கொட்டும். அப்படியான சுவரில் படம், தொப்பி போன்ற பாரமில்லாதவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது வீடுகளில் பெரும்பாலும் சீமெந்துக் கல். அதில் ட்றில் பண்ணி, துளைக்குள் பிளாஸ்ரிக் செருகி, ஸ்குறூ முறுக்கினால் இறாக்கையைத் தாங்கும். சுவிச்சுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள், உள்ளே வயர் ஓடியிருக்கும். கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் அதில் ட்றில் வைக்கவே வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு.

வாடகை அறையில் துளைக்க விடமாட்டார்கள் என்றால், சாய்த்து வைக்கும் ஏணி மாதிரி ஒரு மரச்சட்டம் செய்விக்கலாம். துவாய், சேலை, நாளை போடும் சட்டை எல்லாம் அதில் தொங்கும். இறாக்கை போட விடுகிறார்கள் என்றால் கதவு நிலைக்கு மேலே சுவரைச் சுற்றி ஓர் அடி அகலத்தில் போடுங்கள். அடிக்கடி தேவைப்படாதவை அங்கே ஏறும், நடமாடும் இடமும் குறையாது.

பெயின்ற்

வெளிர் நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும், அறை பெரிதாகத் தெரியும். இது எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. நான் சேர்ப்பது ஒன்றுதான்: சீலிங்குக்கும் சுவருக்கும் ஒரே வெளிர் நிறம் அடியுங்கள். இரண்டும் சேரும் கோடு மறைந்தால் உயரம் கூடினாற்போல் இருக்கும். பிடித்த கடும் நிறம் இருந்தால் அதை ஒரு ஸ்ரூலுக்கோ யன்னல் நிலைக்கோ கொடுங்கள்.

10க்கு 10 அறையில் சுவர் 9 அடி உயரம் என்றால் 360 சதுர அடி. கதவு, யன்னல் கழித்தால் 320. ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி என்று வைத்தால், இரண்டு பூச்சுக்கு 6 லீற்றருக்குமேல் வேண்டும். 4 லீற்றர் வாளி ஒன்றை மட்டும் வாங்கிவந்து பாதியில் நிற்கவேண்டாம், பிறகு கலக்கும் நிறம் கொஞ்சம் மாறிவிடும்.

மின்சாரமும் வெளிச்சமும்

பழைய வீடுகளில் உருண்டைப் பின் பிளக், புதியவற்றில் சதுரப் பின். சின்ன உருண்டைப் பின் 5 அம்பியருக்கானது. 1500 வாற் கேத்தில் 230 வோல்ற்றில் ஆறரை அம்பியர் இழுக்கும். ஆகவே அடப்ரர் போட்டு அந்தப் பிளக்கில் கேத்திலையோ அயன் பெட்டியையோ கொழுவக் கூடாது. நீட்டுவயரில் போன், விளக்கு, மேசைவிசிறி மட்டும். ட்றிப் சுவிச்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மாதத்துக்கொரு தடவை அமத்திப் பாருங்கள். உடனே விழாவிட்டால் மின்வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள்.

சீலிங் ஃபானின் இலை நிலத்திலிருந்து 7 அடிக்கு மேலும், சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளியும் சுற்றவேண்டும். அடுக்குக் கட்டில் போட நினைப்பவர்கள் இதை முதலில் அளந்துவிட்டு நினையுங்கள்.

நடுவில் ஒரு வெள்ளைக் குமிழ் மட்டும் எரியும் அறை இரவில் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு, கட்டிலருகே ஒரு மஞ்சள் ஒளிக் குமிழும் மேசையில் ஒரு படிப்பு விளக்கும் சேருங்கள். வலக்கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும்.

அழகு

இங்கேதான் மனம் விட்டுச் செலவழிக்கலாம், பணம் அதிகம் வேண்டாம். பனையோலைப் பொருட்களைவிட இந்த ஊர் அறைக்குப் பொருந்துவது வேறில்லை. கடகம் ஊத்தை உடுப்புக் கூடையாகும். மூடல்பெட்டியில் மருந்தும் சில்லறையும் வைக்கலாம். சாயம் போட்ட ஓலையில் இழைத்த சுளகு, ஒன்றோடு ஒன்று அளவு மாறி மூன்று, வெறுஞ்சுவரில் மாட்டினால் வேறு படமே தேவையில்லை. 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் நேர்த்தியான வேலைப்பாடு கிடைக்கும். சந்தைகளில் விலை குறைவு. 25 நாள் நல்லூர்த் திருவிழாவில் தெருவோரக் கடைகளைச் சுற்றினால் தெரிந்தெடுக்க நிறைய இருக்கும். நேர்வெயிலில் ஓலைச் சாயம் மங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

திரைச்சீலைக்குப் பழைய நூல்சேலை போதும். ஐந்தரை மீற்றர் சேலையை மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 1.8 மீற்றர். ஒரு யன்னலுக்கு இரண்டு, மீதி ஒன்று இறாக்கைக்கு மறைப்பு. கம்பியை யன்னல் நிலைக்கு மேலே அரையடி ஏற்றி, இருபுறமும் அரையடி நீட்டிப் போடுங்கள். துணியை ஒதுக்கினால் சுவரோடு நிற்கும், யன்னல் முழுதாகத் திறந்திருக்கும்.

நிலைக்கண்ணாடியை யன்னலுக்குப் பக்கச் சுவரில் வைத்தால் வெளிச்சம் உள்ளே பரவும். மேற்கு யன்னலுக்கு நேரெதிரே வைத்தால் பின்னேர வெயில் இரண்டு மடங்காகும்.

போத்தலில் மணிபிளான்ற் வைப்பவர்கள் கவனம். டெங்கு பரப்பும் நுளம்பு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு கிழமை அளவிலேயே பறக்கும் நுளம்பாகிவிடும். ஐந்து நாளைக்கொரு தடவை தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, போத்தலின் உட்பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் மண்சட்டியில் நடுவது நல்லது, கீழே தட்டில் தண்ணீர் தேங்கவிடாமல்.

எந்தச் சமயமானாலும் விளக்கேற்றும் தட்டுக்கு மேலே இன்னொரு இறாக்கையோ பக்கத்தில் திரைச்சீலையோ இருக்கக் கூடாது. காற்று நேரே படாத, கட்டிலில் கால் நீட்டாத பக்கத்துச் சுவரைத் தெரிவுசெய்யுங்கள்.

மாரிக்கு முன்

புரட்டாதி முடியுமுன் ஒரு நாள் பாய், கடகம், சுளகு எல்லாவற்றையும் வெயிலில் போட்டெடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மழை மாதங்களில் உடுப்பு அறைக்குள்தான் காயும். அதற்கு மின்விசிறிக்குப் பக்கவாட்டில், கழற்றி மாட்டக்கூடிய ஒரு கொடியை இப்போதே ஒழுங்கு செய்யுங்கள். அலுமாரிக்குள் பூச்சி உருண்டை போடுங்கள், குழந்தை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில்.

முதல் பெருமழைக்குப் பிறகு சுவரின் அடிப்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். ஈரம் ஏறி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த இடத்திலிருந்து சாமானை இழுத்துவையுங்கள். உடனே மேலே பெயின்ற் அடிப்பதில் பயனில்லை, உரிந்து விழும். உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டிவிட்டு, வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டு, மாசி வரை பொறுத்திருங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அடித்தால் பூச்சு நிற்கும்.